தீக்குச்சிக்கு இட்ட வரி

2020 மார்ச் 14 அன்று கூடிய சரக்கு - சேவை வரிக் கவுன்சிலின் 39ஆம் கூட்டம் செல்பேசியின் வரியை 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்த்தியது. நாளேடுகள் அதை முதற்பக்கத்தில் வெளியிட்டன. அதே கூட்டத்தில் தீப்பெட்டியைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18 விழுக்காடு என்றிருந்த இரு விகிதங்கள் நீக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் 12 என்று ஒரே விகிதம் வகுக்கப்பட்டது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களுக்கு வெளியே அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். ஏப்ரல் 1ஆம் நாள் புதிய விகிதம் நடைமுறைக்கு வந்தபோது நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தது. கேட்க ஆளில்லாத வேளையில் வந்து சேர்ந்தது அந்த மாற்றம்.

வேலையின்மையைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்சியாளர்கள் திறன் பயிற்சியைச் சொல்வார்கள். முதலீட்டாளர் மாநாட்டைச் சொல்வார்கள். இளைஞர்கள் அரசுப் பணிக்காகக் காத்திருப்பதைக் குறை கூறவும் செய்வார்கள். வரி அட்டவணையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ஆயினும் ஒரு பொருளுக்கு இன்ன விகிதம் என்று முடிவு செய்யும்போதே, அதை எத்தனை பேர் செய்வார்கள், கையால் செய்வார்களா, பொறியால் செய்வார்களா என்பதும் பெருமளவு முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர்கள் தாம் அப்படி ஒன்றை எடுக்கிறோம் என்று அறிந்து எடுப்பதில்லை. நம் கவலை அதுதான்.

தீப்பெட்டித் தொழிலின் நூறாண்டு வரலாறே வரியின் வரலாறு. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஆங்கிலேய அரசு வரியை உயர்த்தியது. கருவூலத்தை நிரப்புவதே அதன் நோக்கம். இந்தியருக்கு வேலை தருவதன்று. ஆனால் கப்பலில் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த சுவீடன் நிறுவனம் அந்த வரிச்சுவரைக் கண்டதும், வெளியே நிற்பதைவிட உள்ளே வருவதே மேல் என்று 1923இல் விம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கிற்று. சென்னையில் திருவொற்றியூரில் அது எழுப்பிய ஆலையின் பெயரை விம்கோ நகர் மெட்ரோ நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுவந்து தம் ஊரில் விதைத்தனர். ஒரே வரி, வடக்கே இயந்திர ஆலைக்கும் தெற்கே கைத்தொழிலுக்கும் ஒருங்கே வாயில் திறந்தது. பின்னர் 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. நாளடைவில் அது படிநிலை வரியாக வளர்ந்தது. பெரிய இயந்திர ஆலைக்கு மிகுந்த வரி, அடுத்த நிலைகளுக்குப் படிப்படியாகக் குறைந்த வரி, குடிசைத் தொழிலுக்கு மிகக் குறைந்த வரி என்பது அதன் அமைப்பு. அந்த வேறுபாடு இல்லாதிருந்தால், கையால் அடுக்கிய குச்சி பொறியில் விழுந்த குச்சியோடு சந்தையில் ஒரு நாளும் போட்டியிட்டிருக்க இயலாது. வானம் பார்த்த கரிசல் பூமியில், மழை பொய்த்த ஆண்டுகளில், இலட்சக்கணக்கான குடும்பங்களின் உலையில் அரிசி கொதித்ததற்கு அந்த வரி வேறுபாடும் ஒரு காரணம். நலத்திட்டம் என்று அதற்கு எவரும் பெயர் சூட்டவில்லை.

எந்த வேலையைச் சட்டம் காத்தது என்பதைச் சற்று அருகிருந்து நோக்குவது நல்லது. 2017இல் சரக்கு - சேவை வரி வந்தபோது வெளியான அறிவிக்கை, கையால் செய்த தீப்பெட்டி எது என்பதற்கு விளக்கம் தந்தது. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குதல், குச்சியை மருந்தில் முக்குதல், பெட்டியில் குச்சி அடைத்தல், லேபிள் ஒட்டுதல், கட்டுக் கட்டுதல் ஆகிய ஐந்தில் எதையும் மின்விசையின் துணையோடு செய்யக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ் என்று அவ்வூரார் வழங்கும் தொழிற்கூடத்துள் நுழைந்தவர்களுக்கு இந்த ஐந்தும் ஐந்து கூட்டம் பெண்களாகத் தெரியும். வரிப்பள்ளம் வெட்டிய கட்டையில் பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சியைப் படுக்க வைத்து, அதன்மேல் மற்றொரு கட்டையை வைத்து, மீண்டும் குச்சி அடுக்கி, சட்டம் நிறைந்ததும் இறுக்கி முடுக்கிவிட்டு, அடுத்த சட்டத்துக்குக் கை நீட்டும் வேலையே குச்சி அடுக்குதல். கூலி சட்டத்துக்கு இவ்வளவு என்று. நாள் கணக்கில்லை, மாதச் சம்பளம் இல்லை. விரலின் வேகமே வருமானம். தில்லியில் எழுதப்பட்ட அறிவிக்கையின் ஒரு விளக்கக் குறிப்பு, இவ்வளவு துல்லியமாக ஒரு பெண்ணின் கையசைவைக் குறித்து வைத்திருந்தது வியப்பே. மூன்றாண்டு கூட நிறைவதற்குள் அந்தக் குறிப்புக்குப் பொருளில்லாமல் போயிற்று.

இதனால் பழைய வரியமைப்பு பொற்காலம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். கைவேலைக்குச் சலுகை தந்த அரசு, அந்தக் கை யாருடையது என்று கேட்கவில்லை. கேளாமல் விட்ட இடத்தில் குழந்தைகள் வந்து அமர்ந்தார்கள். விடியுமுன் ஊர் ஊராகச் சென்ற தொழிற்கூட வண்டிகள் தூக்கம் கலையாத சிறுமிகளை ஏற்றிக்கொண்டு வந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே நிலைமை மெல்ல மாறத் தொடங்கிற்று. வரியின் படிகள் மற்றொரு தீங்கையும் செய்தன. தொழில் வளர்ந்தால் மேற்படிக்குச் செல்ல வேண்டும். மேற்படியில் வரி கூடும். ஆகவே வளரவேண்டிய முதலாளி வளராமல், ஒரு கூடத்தை நான்காகப் பிரித்து, மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் பலகை மாட்டினார். ஆள்தொகை குறைவாக இருந்ததால் தொழிற்சாலைச் சட்டமும் வருங்கால வைப்பு நிதியும் எட்டிப் பார்க்கவில்லை. இவ்வாறு அரசின் ஒரு கை வேலையைத் தந்தது; மறு கை அந்த வேலைக்கு உரிய காப்பைத் தராதிருக்க வழியமைத்தது. சலுகை தரும்போதே, பெறுபவர் முறையான கூலியும் வைப்பு நிதியும் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்திருக்கலாம். அறுபது எழுபது ஆண்டுகளில் ஒரு நிதியமைச்சருக்கும் அது தோன்றவில்லை.

பின்வந்த மாற்றங்கள் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தன. 2012 நிதிநிலை அறிக்கையில் பிரணாப் முகர்ஜி, பாதி இயந்திரமயமான தீப்பெட்டிக்கான கலால் வரியை 10 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைத்தார். கைவேலைக்கும் பொறிக்கும் இடையிருந்த தொலைவு அந்த அளவுக்குச் சுருங்கிற்று. 2015 ஏப்ரலில், சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பட்டியலில் எஞ்சிய 20 பொருள்களும் விடுவிக்கப்பட்டன. ஊறுகாய், மெழுகுவத்தி, ஊதுவத்தி, பட்டாசு ஆகியவற்றோடு தீப்பெட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தது. முன்னது நிதியமைச்சகத்தின் வேலை. பின்னது தொழில் அமைச்சகத்தின் வேலை. இரண்டும் சேர்ந்து கரிசல் காட்டில் என்ன செய்யும் என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த அமைச்சகத்துக்கும் இல்லை.

ஒரே விகிதம் என்றால் நடுநிலை என்று பொருள் கொள்வது எளிது. அது மேற்பார்வைக்கு மட்டுமே சரி. சரக்கு - சேவை வரியில், தொழிலுக்காக வாங்கிய பொருளின்மீது கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மெழுகு வாங்கினால் கழிக்கலாம். அட்டை வாங்கினால் கழிக்கலாம். பல இலட்சம் கொடுத்துப் பொறி வாங்கினால், பொறியின் விலையில் அடங்கிய வரி முழுவதையும் கழிக்கலாம். கூலியில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. பெட்டியின் விலையில் கூலியின் பங்கு மிகுந்திருக்கும் தொழிற்கூடம், அந்தப் பங்கின்மீதான வரி முழுவதையும் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். பொறி வாங்கியவரோ கையிருப்பில் உள்ள கழிவைக் கொண்டு பல மாதங்கள் தம் வரியை ஈடுகட்டிக்கொள்வார். நீண்ட கால நோக்கில் இரண்டும் சமன்படும் என்று பொருளியலார் கணக்குக் காட்டுவர். வார இறுதியில் கூலி கொடுக்கப் பணம் திரட்டும் சிறுமுதலாளியிடம் நீண்ட காலம் ஏது? ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்குட்பட்டவர் பதிவு செய்ய வேண்டியதில்லையே என்று கேட்கலாம். அந்த விலக்கு மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டுமே. வெளிமாநிலத்துக்கு ஒரு கட்டு அனுப்பினாலும் பதிவு கட்டாயம். கோவில்பட்டித் தீப்பெட்டியின் சந்தையோ வடமாநிலங்களில் இருக்கிறது. விலக்கின் பயன் எவருக்குத் தேவையோ அவர்களை விட்டு விலகி நிற்கிறது.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 18 விழுக்காடு சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 2020 மாற்றம் பெரும் விடுதலை. அவர்களிடமும் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் சிறுமுதலாளிகளே. கையால் செய்ததாகப் பொய்க்கணக்குக் காட்டிப் பொறியில் செய்தவர்கள் இருந்ததையும் மறுப்பதற்கில்லை. ஐந்து செயல்களில் எதில் மின்விசை பயன்பட்டது என்று ஒவ்வொரு கூடமாகச் சென்று பார்க்க வரித்துறையிடம் ஆளும் இல்லை, மனமும் இல்லை. எளிய வரி நல்ல வரி என்னும் கொள்கையில் உண்மை இருக்கிறது. எளிமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் எளிமையைப் போற்றுவதையே நாம் மறுக்கிறோம்.

கொடுத்தவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை 2017-18இல் 6.0 விழுக்காடு, 2023-24இல் 3.2. பாதியாகக் குறைந்துவிட்டது என்று அமைச்சர்கள் பெருமிதம் கொள்கிறார்கள். அதே காலத்தில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 23.3இலிருந்து 41.7 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கு எடுக்கப்படும் முறையைப் பாருங்கள். ஓராண்டில் 30 நாள் துணைநிலை வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வீட்டாரின் கடையிலோ வயலிலோ ஊதியமின்றி உதவினாலும் வேலையில் இருப்பவர். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலையை இழந்த ஒரு பெண், நூறு நாள் வேலையில் சில வாரம் மண் வெட்டிவிட்டு, எஞ்சிய நாளில் மாமியாரின் ஆட்டுக்குத் தழை ஒடித்தால், ஆய்வாளரின் ஏட்டில் அவருக்கு வேலை போகவே இல்லை. ஏழைக்கு வேலையின்றி இருக்க வசதியில்லை. ஆகையால் நம் நாட்டில் தவறான கொள்கையின் விளைவு வேலையின்மை விகிதத்தில் தெரியாது. கூலியின் தாழ்விலும் வேலையின் தரக்குறைவிலும் தெரியும். அவற்றை அளந்து சொல்லும் எண் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வருவது அரிது.

ஒழுங்குமுறை விதிகளைப் பற்றியும் இங்கே கூறுவது பொருந்தும். தொழிலை முடக்குவது விதி என்று முதலாளிகள் சொல்வார்கள். திருப்பூர் வேறொன்றைக் காட்டுகிறது. 2011 சனவரி இறுதியில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறாத 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறையோடு சாயத் தொழிலாளியின் பிழைப்பும், அவர் பின்னே தைப்பவர், பிரிப்பவர், மடிப்பவர் என்று நீண்ட வரிசையின் பிழைப்பும் ஆட்டங்கண்டன. விதி கொடியதா? நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, பாசனத்துக்கு வேண்டாம் என்று உழவர்களே மறுக்கும் நீராக அது மாறியிருந்தது. அந்த உழவர்களும் தொழில் இழந்தவர்களே. அவர்களுக்காக எந்தப் பட்டறையும் ஒரு நாள் கதவடைக்கவில்லை. இருபதாண்டுக் காலம் விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உரிய காலத்தில் நிதி தராமல் கிடந்துவிட்டு, நீதிமன்றம் கையை ஓங்கியபின் வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாயை அரசு அளித்தது. அந்தக் கடன் முன்னமே வந்திருந்தால் மூடல் நேர்ந்திராது. வேலையைப் பறித்தது விதியன்று; விதியை உறங்கவிட்ட நிர்வாகம்.

விதியால் வேலை பிழைத்ததும் உண்டு. 2023 சூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளை விழுங்குகிறது என்று முறையிட்டு வந்த கோவில்பட்டி மகிழ்ந்தது. உதிரிபாகங்களைக் கொணர்ந்து உள்நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கவே, 2024 அக்டோபரில் அவற்றின் இறக்குமதிக்கும் தடை வந்தது. நல்லதே. ஆனால் இந்தத் தடையிலும் பழைய குறை அப்படியே இருக்கிறது. காக்கப்பட்ட சந்தையில் விற்பவர் தம் தொழிலாளிக்கு எதையும் கூட்டித் தரவேண்டும் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. மூலப்பொருள் விலையேற்றம் அதன் பெரும்பகுதியைத் தின்றது என்பர். கூலிக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டவர் உண்டா?

மறுபுறம் பெருந்தொழிலுக்கு அரசு திறந்த கை பெரிது. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைந்தது. ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அன்று அறிவித்தது. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைக்கு 14 துறைகளுக்கென 1.97 இலட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. அந்த ஊக்கத்தொகை பெரும்பாலும் கூடுதல் விற்பனையை அளந்து தரப்படுகிறது. கூடுதல் ஆளை அளந்து தரப்படுவதில்லை. 2025 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ள 99,446 கோடி ரூபாய் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது; ஆள் சேர்த்த முதலாளிக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும். வரவேற்கிறோம். ஆனால் நிறுவனம் வருங்கால வைப்பு நிதியில் பதிந்திருக்க வேண்டும். 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணின் பெயர் வைப்பு நிதி ஏட்டில் இல்லை. இருக்கும் இருபது பேரை விடாமல் காத்துக்கொள்ளப் போராடுபவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. புதிய வேலைக்குப் பரிசு தரும் அரசு, இருக்கும் வேலையைக் காப்பவரைக் கண்டுகொள்ளவில்லை.

செய்யத்தக்கது பெரிதன்று. கவுன்சிலின் முன் வைக்கப்படும் ஒவ்வொரு விகித மாற்றத்தோடும், அப்பொருளைச் செய்வோர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், மாற்றத்தால் எவருடைய வேலை போகும் என்று ஒரு பக்கக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். வருவாய் இழப்பை இன்று கணக்கிட்டு வைக்கிறார்கள்; வேலை இழப்பையும் கணக்கிட்டு வைக்கட்டும். கைவேலைக்கு மீண்டும் குறைந்த விகிதம் தருவதாயின், தொழிலாளியை வைப்பு நிதியிலும் அரசு ஈட்டுறுதியிலும் பதிந்த கூடத்துக்கு மட்டுமே அது கிடைக்க வேண்டும். குழந்தைகளைக் கொண்டு நடந்த பழைய கணக்கு திரும்பி வரக் கூடாது. இதற்குத் தில்லி இசையும்வரை தமிழகம் காத்திருக்கத் தேவையில்லை. கவுன்சிலை அமைத்த அரசியலமைப்பின் 279ஏ பிரிவில் வேலைவாய்ப்பு என்னும் சொல்லே இல்லை என்பது மெய். ஆனால் அதே பிரிவு, மாநிலத்தின் சார்பில் நிதியமைச்சரோ வரித்துறை அமைச்சரோ, அல்லது மாநில அரசு நியமிக்கும் வேறெந்த அமைச்சரோ உறுப்பினராக அமரலாம் என்கிறது. தீப்பெட்டியோ பட்டாசோ பின்னலாடையோ விவாதத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தமிழக அரசு தன் தொழிலாளர் நலத்துறை அமைச்சரை அனுப்பிவைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.